தம்பியின் சி.டி.4 எண்ணிக்கை குறைகிறதே, எதிர்ப்புச் சக்திப் பொடி கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பிக்கு வயது 36. சென்ற ஆண்டு கடுமையான நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்போது சி.டி.4 எண்ணிக்கை 86. டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெகிராவிர் கொடுத்தார்கள். மருந்து தொடங்கிய ஆறாவது வாரம் காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டிக்கொண்டது. காசநோய் என்று கண்டுபிடித்து அதற்கும் மருந்து கொடுத்து, அது இரண்டு மாதத்துக்கு முன் முடிந்தது. இப்போது பத்து மாதமாகிறது. இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் நான்கு மாதத்துக்கு முன் 231 ஆக இருந்த சி.டி.4 இப்போது 214 ஆகிவிட்டது. கிருமியே இல்லையென்றால் இது ஏன் குறைகிறது? இரண்டு ஆண்டுக்கு முன் இடுப்பில் அக்கி வந்து, எழுதிக் குணமானதைத் தவிர அவனுக்கு ஒரு நோயும் வந்ததில்லை. ஓடியாடி வேலை செய்தவன் திடீரென்று எப்படி விழுந்தான்? சித்தி நேரடி விற்பனையில் எதிர்ப்புச் சக்திப் பொடி ஒன்று தருகிறார். மாதம் 380 ரிங்கிட். கொடுக்கலாமா? அம்மா அவனுக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறார். அது தேவையா?
– ஒரு அக்காள், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

231 என்ற எண் 214 ஆனதைப் பார்த்துத் தாங்கள் கலங்க வேண்டியதில்லை. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சி.டி.4 வகை வெள்ளணுக்கள் எத்தனை உள்ளன என்பதே அந்தக் கணக்கு. ஒரே மனிதருக்கு ஒரே நாளில் காலையில் எடுத்தால் ஓர் எண்ணும் மாலையில் எடுத்தால் வேறோர் எண்ணும் வரும். இடையில் ஒரு சளிக்காய்ச்சல் வந்து போயிருந்தாலும் மாறும். ஆகவே 17 என்ற வேறுபாட்டை, எண்ணிக்கை குறைந்துவிட்டதாக நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்க வேண்டிய இந்த எண்ணிக்கை, மருந்து தொடங்கிய முதல் ஆண்டில் 100 முதல் 150 வரை ஏறுவது வழக்கம். 86-இல் தொடங்கிய தங்கள் தம்பி பத்து மாதத்தில் 200-ஐத் தாண்டியிருப்பது எதிர்பார்த்த வேகம்தான். அறிக்கை என் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது சி.டி.4-ஐ அல்ல, வைரஸ் அளவைத்தான். அது அடங்கியிருக்கிறது. ஆனால் அடங்கியிருப்பது வேறு, இல்லாமற்போவது வேறு. தாங்கள் கேட்ட மற்றக் கேள்விகளுக்கும் விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உடலின் காவல் பல வகை அணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. கிருமி புகுந்த அணுவைக் கொல்வது சி.டி.8 அணு, எதிர்ப்பொருளை உண்டாக்குவது பி அணு, கிருமியை விழுங்கிச் செரிப்பது பேருண்ணி என்னும் பெரிய அணு. இவற்றில் எதுவும் சி.டி.4 அணுவின் சைகை கிடைக்காமல் தன் வேலையை முழுமையாகச் செய்வதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில், அவர்களைப் பிரித்து மர நிரைக்கு அனுப்பும் மேற்பார்வையாளரான மண்டோரைப் போன்றது அது. தானாகப் பால் வெட்டுவதில்லை, ஆனால் அந்த ஆள் வராத காலையில் கத்தியோடு நிற்கிறவர்களுக்கு எந்த நிரைக்குப் போவதென்று தெரியாது. எச்.ஐ.வி. குறிவைப்பது இந்த அணுவை. வைரஸின் மேற்புறத்தில் உள்ள ஜி.பி.120 என்னும் புரதம் முதலில் அந்த அணுவின் மேலுள்ள, அதற்குப் பெயர் தந்த சி.டி.4 என்ற ஏற்பியை (பூட்டுப் போன்ற புரதத்தை) பற்றிக்கொள்கிறது; பிறகு பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்ற இன்னோர் ஏற்பியையும் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. நுழைந்தபின் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதி, அதை அந்த அணுவின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே செருகிவிடுகிறது. அதற்குமேல் அந்த அணு உயிரோடிருக்கும்வரை வைரஸின் பிரதி அதற்குள் இருந்துகொண்டே இருக்கும். இதில் கொடுமையான ஒரு செய்தியும் உண்டு: விழித்தெழுந்து போராடத் தொடங்கும் சி.டி.4 அணுவில்தான் வைரஸ் நன்றாகப் பெருகும், அதிலும் எச்.ஐ.வி.யை அடையாளம் கண்டு எதிர்க்கவென்றே உருவான சி.டி.4 அணுக்கள்தான் மற்றவற்றைவிட அதிகமாகப் பாதிக்கப்படுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பொடியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

தம்பி திடீரென்று விழவில்லை. வைரஸ் உடலில் புகுந்த இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் சிவந்த தடிப்பு, நெறிகட்டு வரும். நம் நாட்டில் அதை டிங்கியாக இருக்கும் என்று நினைத்து, காய்ச்சல் விட்டதும் மறந்துவிடுகிறோம். அந்தச் சில வாரங்களிலேயே பெரும் சேதம் நடந்துவிடுகிறது. அது நடக்கும் இடம் குடல். உடலில் உள்ள லிம்போசைட்டு வெள்ளணுக்களில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான் இரத்தத்தில் ஓடுகிறது. மற்றவை நிணநீர்க் கணுக்களிலும் குடற்சுவரிலும் பிற திசுக்களிலும் இருக்கின்றன. குடற்சுவரில் இருக்கும் சி.டி.4 அணுக்களில் பெரும் பகுதி, இரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை இன்னும் ஓரளவு நன்றாகத் தெரியும் காலத்திலேயே அழிந்துவிடுகிறது. பிறகு சி.டி.8 அணுக்கள் வைரஸை ஓரளவுக்குக் கட்டுப்படுத்த, காய்ச்சல் தணிந்து, மனிதர் பழையபடி வேலைக்குப் போகிறார். சிகிச்சையில்லாமல் எய்ட்ஸ் என்ற நிலைக்கு வர, சராசரியாகப் பத்தாண்டு ஆகும்.

அந்தப் பத்தாண்டையும் வைரஸ் உறங்கும் காலம் என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களும் நினைத்திருந்தார்கள். 1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டேவிட் ஹோவின் குழுவும் ஜார்ஜ் ஷாவின் குழுவும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் அந்த எண்ணத்தைத் தகர்த்தன. புதிய மருந்தைக் கொடுத்து வைரஸின் பெருக்கத்தை நிறுத்தியவுடன் அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்தபோது, அதுவரை ஒவ்வொரு நாளும் எவ்வளவு வேகமாக உண்டாகிக்கொண்டிருந்தது என்பது வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் வந்த கணக்கின்படி ஒரு நோயாளியின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி வைரஸ் துகள்கள் பிறக்கின்றன. பாதிக்கப்பட்ட அணு ஓரிரு நாளில் சாகிறது. உடல் புதிய அணுவை உண்டாக்குகிறது. அதையும் வைரஸ் பிடிக்கிறது. ஆர்.என்.ஏ.வை மாற்றி எழுதும் நொதிக்குத் தன் பிழையைத் தானே திருத்தும் திறன் இல்லாததால், பிறக்கும் வைரஸ்களில் சற்றே மாறியவை ஏராளம். நேற்றைய வைரஸுக்காக உருவான எதிர்ப்பொருள் இன்றைய வைரஸுக்குப் பொருந்துவதில்லை. தங்கள் தம்பி தொழிற்சாலைக்குப் போய்வந்த ஆண்டுகளில் உள்ளே நடந்தது இதுதான்.

செத்த சி.டி.4 அணுக்கள் எல்லாவற்றையும் வைரஸ் நேரே கொன்றதென்றும் சொல்ல முடியாது. 2014-இல் அச்சான அமெரிக்க ஆய்வுகள் காட்டியபடி, நிணநீர்த் திசுக்களில் இறக்கும் சி.டி.4 அணுக்களில் மிகப் பெரும்பாலானவை வைரஸ் முழுமையாகப் பெருக முடியாமல் பாதியில் நின்றுபோன அணுக்கள். உள்ளே கிடக்கும் அரைகுறை டி.என்.ஏ.வை அபாயம் என்று உணர்ந்து, அந்த அணு வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களைக் கொட்டியபடி தன்னைத்தானே வெடித்து அழித்துக்கொள்கிறது. அந்த வீக்கம் வேறு சி.டி.4 அணுக்களை அங்கே அழைக்க, அவையும் அதே கதிக்கு ஆளாகின்றன. இதோடு, காவலிழந்த குடற்சுவரின் வழியே குடற்கிருமிகளின் கூறுகள் இரத்தத்தில் கசிந்து, காவல் அமைப்பை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. எனவே எச்.ஐ.வி. உள்ளவரின் காவல் அமைப்பு சோர்ந்து கிடப்பதாக நினைப்பது பாதிதான் சரி. அது இரவும் பகலும் விழித்து, வேண்டாத இடத்திலெல்லாம் போராடி, அதனாலேயே தேய்ந்துபோன அமைப்பு.

தேய்மானம் வெளியே தெரியும் வரிசை ஓரளவுக்குக் கணிக்கக்கூடியது. சி.டி.4 ஓரளவு நன்றாக இருக்கும்போதே அக்கியும் காசநோயும் வரலாம். அக்கி என்பது சிறு வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ், நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, காவல் தளரும்போது எழுவது. காவி பூசி எழுதினாலும் எழுதாவிட்டாலும் சில வாரங்களில் கொப்புளம் ஆறிவிடும். அதனால்தான் அது ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வயதானவர்களுக்கு அக்கி வருவது இயல்பு. 34 வயதுக்காரருக்கு வந்தால் எச்.ஐ.வி. சோதனை செய்துவிடுவது நல்லது. இதைத் தங்கள் குடும்பத்தைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகவும், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக் களிம்பு மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பும் என் துறையினருக்காகவும் எழுதுகிறேன். எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை என்கிறோம். அப்போது வருவதுதான் தங்கள் தம்பியை மருத்துவமனையில் சேர்த்த நிமோனியாவாக இருக்க வேண்டும். அதை உண்டாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நம்மில் பெரும்பாலோருடைய நுரையீரலுக்குச் சிறு வயதிலேயே வந்து, எந்தத் தடயமும் இல்லாமல் அடக்கப்பட்டது. 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த இதே நிமோனியாவைப் பற்றிய சிறு அறிக்கைதான் உலகம் இந்த நோயைப் பற்றிப் படித்த முதல் செய்தி. 100-க்குக் கீழே இறங்கினால் மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸும், தென்கிழக்காசியாவில் மிகுதியாகக் காணப்படும் தாலரோமைசிஸ் என்ற பூஞ்சையும். 50-க்குக் கீழே கண்ணின் விழித்திரையை அரிக்கும் சி.எம்.வி. வைரஸும் வரக்கூடும்.

அடுத்தது கழுத்து நெறி. மருந்து சேராமல் போய்விட்டது என்று உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். நடந்தது அதற்கு நேர்மாறானது. காசநோய்க் கிருமி மருந்து தொடங்குமுன்பே உடலில் இருந்திருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி வளைக்கும்படி பேருண்ணிகளுக்குச் சைகை கொடுக்கப் போதிய சி.டி.4 அணுக்கள் இல்லாததால் வீக்கமோ வலியோ இல்லை. எச்.ஐ.வி. அடங்கி, சி.டி.4 அணுக்கள் திரும்பிய சில வாரங்களில் காவல் அமைப்பு அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துப் பெரும் கொந்தளிப்போடு தாக்கியது. கழுத்தில் தாங்கள் பார்த்த வீக்கம் அந்தத் தாக்குதலின் அடையாளம். மிகக் குறைந்த எண்ணிக்கையில் சிகிச்சை தொடங்குகிறவர்களிடம் இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அந்த நேரத்தில் பயந்து எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனது தாங்கள் செய்த மிகச் சரியான காரியம்.

தம்பி சாப்பிடும் மருந்துகளின் வேலை என்னவென்று தெரிந்தால், எது ஆகும், எது ஆகாது என்பதும் விளங்கும். டெனோஃபோவிரும் லமிவுடினும் வைரஸ் தன்னை டி.என்.ஏ.வாக எழுதிக்கொள்வதைத் தடுக்கின்றன. டொலுடெகிராவிர் அந்த டி.என்.ஏ. அணுவின் மரபணுவில் செருகப்படுவதைத் தடுக்கிறது. அதாவது புதிய அணுக்கள் பாதிக்கப்படாமல் காப்பவை இவை. ஏற்கெனவே செருகப்பட்ட பிரதியை எந்த மாத்திரையாலும் வெட்டி எடுக்க முடியாது. அப்படிப் பாதிக்கப்பட்டு, பிறகு ஓய்வு நிலைக்குப் போய்விட்ட நினைவு அணுக்கள் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்கின்றன. மருந்தை நிறுத்தினால் அவற்றில் ஏதோ ஒன்று விழிக்க, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் மறுபடியும் இரத்தத்தில் நிறைந்துவிடும். இதற்கு நம் ஊரிலேயே கேட்ட சான்று ஒன்று உண்டு. 2013 ஜூன் இறுதியில் கோலாலம்பூரில் கூடிய அனைத்துலக எய்ட்ஸ் சங்கத்தின் மாநாட்டுக்கு, எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்ததற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்ற பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் நம் பேராசிரியர் அடீபா கமாருல்சமானும் இணைத்தலைவர்களாக இருந்தார்கள். அங்கே, புற்றுநோய்க்காக வேறொருவரின் எலும்பு மச்சை அணுக்களைப் பெற்ற பாஸ்டன் நோயாளிகள் இருவர், எச்.ஐ.வி. மருந்தை நிறுத்திச் சில வாரங்களாகியும் அவர்களிடம் வைரஸின் தடயமே இல்லை என்று அறிவிக்கப்பட்டபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் இருவருக்கும் வைரஸ் திரும்பிவிட்ட செய்தி வந்தது. அவ்வளவு நுட்பமான சோதனைகளுக்கும் சிக்காமல் அது எங்கோ இருந்திருக்கிறது. கண்டறிய முடியாத அளவு என்று டாக்டர் சொன்னதை மாத்திரையை நிறுத்தலாம் என்ற அனுமதியாகத் தம்பி ஒருபோதும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி பொடி. கொடுக்க வேண்டாம் என்பது என் பதில், காரணத்தையும் சொல்கிறேன். எதிர்ப்புச் சக்தியை ஏற்றுவதாகச் சொல்லும் எந்தப் பொடியும், தூண்டப்பட்டே களைத்த ஒரு காவல் அமைப்பை இன்னும் தூண்டுவதாகத்தான் வாக்களிக்கிறது. அது உண்மையிலேயே அப்படிச் செய்தால்கூட நன்மை கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு விடை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இன்டர்லூகின்-2 என்ற பொருள் உடலே உண்டாக்கும், சி.டி.4 அணுக்களைப் பெருகச் செய்யும் பொருள், அதை எச்.ஐ.வி. மருந்தோடு சேர்த்து ஊசியாகக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. இரண்டிலும் சேர்த்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஊசி போட்டவர்களுக்கு எண்ணிக்கை உண்மையாகவே ஏறியது. ஆனால் அவர்களுக்கு நோய்த்தொற்றும் மரணமும் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களைவிடக் குறையவில்லை. அசல் பொருளே காகிதத்தில் எண்ணை உயர்த்தியதோடு நின்றுவிட்டபோது, டப்பாவில் வரும் பொடியிடம் என்ன எதிர்பார்ப்பது? இதற்கு எதிர்ப்பக்கத்தில், 35 நாடுகளில் 4,685 பேரைச் சேர்த்து நடத்தி 2015-இல் முடிவு வெளியான ஆய்வில், எண்ணிக்கை 500-க்கு மேல் இருக்கும்போதே மருந்து தொடங்கியவர்களுக்கு, காத்திருந்து தொடங்கியவர்களைவிடக் கடும் நோயும் மரணமும் 57 விழுக்காடு குறைந்தன. காவல் அமைப்பைத் தூண்டியதால் வந்த பலன் அல்ல அது. வைரஸை அடக்கியதால் வந்தது.

பொடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. டப்பாவின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். துத்தநாகம், இரும்பு, கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். இந்த உலோகச் சத்துகள் வயிற்றில் டொலுடெகிராவிரைப் பிணைத்துக்கொண்டு அது இரத்தத்தில் சேராமல் தடுக்கக்கூடியவை. வயிற்றெரிச்சலுக்குக் கிளினிக்கில் தரும் வெள்ளை மருந்துக்கும் இது பொருந்தும். அதைக் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ குடித்து ஆறு மணி நேரம் கழித்தோதான் டொலுடெகிராவிர் சாப்பிட வேண்டும். காசநோய் மருந்து சாப்பிட்ட மாதங்களில் டொலுடெகிராவிரை இருவேளை கொடுத்திருப்பார்கள், நினைவிருக்கலாம். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் அதை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இரத்தத்தில் மருந்தின் அளவு அவ்வளவு முக்கியம்; அரைகுறை அளவில் இருந்தால் மருந்துக்கு அடங்காத வைரஸ் தலையெடுக்க வழி பிறக்கும். சித்தி அன்பினால் கொடுக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த 380 ரிங்கிட்டை மீனுக்கும் முட்டைக்கும் செலவழியுங்கள்.

தனித் தட்டு தேவையில்லை. எச்சிலாலும் உணவாலும் தட்டாலும் குவளையாலும் எச்.ஐ.வி. தொற்றுவதில்லை. அம்மா காசநோயை நினைத்து வைத்திருக்கிறார் என்றால், நுரையீரல் தெளிவாக இருந்து கழுத்துக் கணுவில் மட்டும் வந்த காசநோயும் அருகிலிருப்பவர்களுக்குப் பரவுவதில்லை. அதற்குரிய சிகிச்சையும் முடிந்துவிட்டது. வைரஸ் அளவு தொடர்ந்து கண்டறிய முடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகவும் எச்.ஐ.வி. தொற்றுவதில்லை என்பது ஆயிரக்கணக்கான இணையரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளால் உறுதியாயிருக்கிறது. தம்பியின் திருமணப் பேச்சைத் தாங்கள் கடிதத்தில் எழுதவில்லை. எழுதத் தயங்கியிருந்தால் அதற்கும் இதுவே பதில், வரப்போகும் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது டாக்டரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, நிமோகாக்கஸ், ஹெப்படைடிஸ் பி, சளிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள். மற்றொன்று, அந்த நிமோனியா திரும்பாமல் தடுக்கத் தினமும் கொடுத்துவரும் கோட்ரைமாக்சசோல். வைரஸ் அடங்கி, சி.டி.4 எண்ணிக்கை 200-க்கு மேல் மூன்று மாதங்களுக்கு மேலாக நிலைத்திருந்தால் அதை நிறுத்திவிடலாம் என்பது பொதுவான வழிமுறை. தம்பியின் 231-ம் 214-ம் அந்த எல்லையை இப்போதுதான் தொட்டிருக்கின்றன. உடனே நிறுத்துவதா, இன்னொரு பரிசோதனை வரை தொடர்வதா என்பதை அவரை நேரில் பார்க்கும் டாக்டர் முடிவு செய்வார். அதுவரை அந்த மாத்திரையும் மற்றவற்றோடு தொடரட்டும்.